தொட்டியை விழுங்கும் பவளங்கள்: கேள்வி பதில்

கேள்வி (நாகர்கோவில்): அண்ணா, என் கடல்நீர் மீன்தொட்டியில் கிரீன் ஸ்டார் பாலிப் பவளம் கற்களில் ஏறி, பின்கண்ணாடியையும் மூடிவிட்டது. எப்படி நிறுத்துவது?

பதில்: தம்பி, மேலே ஆடும் பச்சைப் பூக்களை விட்டுவிடுங்கள். அடியில் ஊதா நிறத்தில் தோல் விரித்ததுபோல் இருக்கிறதே, ஊர்ந்து போவது அதுதான். பம்பை நிறுத்திவிட்டு, அதன் ஓரத்தில் பழைய பிளாஸ்டிக் அட்டையைச் செருகி மெல்ல நெம்புங்கள். கண்ணாடியிலிருந்து ஈரத் தோல் உரிவதுபோல் வந்துவிடும். கல்லில் ஏறியதைக் கல்லோடு வெளியே எடுத்துச் சுரண்டுங்கள். துணுக்கு மிஞ்சினால் அங்கிருந்தே திரும்ப முளைக்கும். வைத்துக்கொள்ள விரும்பும் துண்டைத் தனிக் கல்லில் ஒட்டி மணலின் நடுவில் வையுங்கள், மற்ற கற்களைத் தொடாமல். வாரம் ஒருமுறை ஓரத்தைப் பாருங்கள். என் தொட்டியில் அது கையகலத்தைத் தாண்டியதில்லை.

கேள்வி (தக்கலை): செனியா பவளத்தைக் கத்தரித்தேன். மூன்று தண்டு பத்தாகிவிட்டது!

பதில்: வெட்டிய துண்டு மிதந்து போய் ஒட்டிக்கொள்ளும். கல்லோடு எடுங்கள். முடியாத இடத்தில் கால்சியம் ஹைட்ராக்சைடை (நீற்றிய சுண்ணாம்புத் தூள்) களிம்பாகக் குழைத்து, பம்பை நிறுத்தி, ஊசி இல்லாத சிரிஞ்சால் தண்டை மூடுங்கள். நாளுக்கு இரண்டு தண்டு போதும். அதிகமானால் தண்ணீரின் காரத்தன்மை (பிஹெச்) ஏறி மீன்கள் சாகும். அதற்குப் பதில் வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம். மீனுக்கு இரை போடுவதையும் குறையுங்கள், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்த தண்ணீரில் செனியா கொழிக்கும்.

கேள்வி (மார்த்தாண்டம்): ஸோவாந்தஸ் பவளம் மூடிய கல்லைக் கொதிநீரில் போடலாமா?

பதில்: கூடாது, கூடவே கூடாது. இந்த இனத்தில் பலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. அதை 1971இல் ஹவாய்த் தீவுகளின் பவளத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். கொதிக்க வைத்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போடாமல் அந்தக் கல்லைத் தொடாதீர்கள். பிரஷ்ஷால் தேய்க்கவும் வேண்டாம்.

கேள்வி (குளச்சல்): சுரண்டி மிஞ்சிய பவளத்தைக் கடலில் விட்டால் என்ன? கடலில் பிறந்த உயிர்தானே, ஏன் கொல்ல வேண்டும்?

பதில்: எந்தக் கடலில் பிறந்தது? கடையில் வாங்கிய துண்டு இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம். நம் கடலில் அதைத் தின்று அடக்க எதுவும் இல்லாமல் போகலாம்.

கேள்வி (முட்டம்): குளச்சல்காரர் சொல்வது சரிதான். இத்தனை பெரிய கடலில் ஒரு துண்டு என்ன செய்துவிடும்?

பதில்: கப்பாபைகஸ் என்ற கடற்பாசியைக் கேளுங்கள். பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி அது; பாக் விரிகுடாக் கரையில் பிழைப்புக்காக வளர்த்தார்கள். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின் மேல் அது படர்ந்து மூடியதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதுவும் ஒடிந்த துண்டிலிருந்தே வளர்வதுதான். கொல்ல மனம் வரவில்லையா, தொட்டி வைத்திருப்பவர் யாருக்காவது கொடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் உப்பில்லாத நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துப் புதைத்துவிடுங்கள். கடலில் மட்டும் வேண்டாம்.

கேள்வி (திங்கள்சந்தை): ஸ்டார் பாலிப் பரவுகிறது, என்ன செய்வது?

பதில்: முதல் பதில்.

கேள்வி (பூதப்பாண்டி): பாறையிடுக்கில் கல்பவளம் பார்த்தேன். எடுத்து வரலாமா?

பதில்: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுத்தால் குற்றம்.

கேள்வி (குளச்சல்): சரி, கடலில் விடவில்லை. தொட்டித் தண்ணீரை ஓடையில் ஊற்றலாமா?

பதில்: அந்த ஓடை எங்கே போய்ச் சேர்கிறது? சுரண்டிய துணுக்குகள் அந்தத் தண்ணீரில்தான் கிடக்கும். வாளியில் பிளீச் கலந்து ஒரு மணி நேரம் வைத்து, வீட்டுக் கழிவறையில் ஊற்றுங்கள்.