நான்காம் பகுதியோடு நின்றுபோன பாட்காஸ்ட்

வணக்கம் ஐயா. திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாரம்பரிய நெல் விதைகளைக் காக்கும் உங்கள் அறக்கட்டளையின் பாட்காஸ்ட், வாரம் ஒன்று என அறிவித்து நான்காம் பகுதியோடு நின்றுபோனதாக எழுதியிருந்தீர்கள். தன்னார்வலர்கள் நடவுக்குப் போய்விடும் ஊரில் வாரக் கணக்கு தாங்காது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே, கோடையில் கை ஓய்ந்திருக்கும்போது, குறுவைப் பருவத்துக்கு மூன்று, சம்பா பருவத்துக்கு மூன்று என ஆறு பகுதிகளைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, மாதம் ஒன்றாக வெளியிடுங்கள். நெல் மூட்டைகள் அடுக்கிய அறையில் பேசினால் எதிரொலி அடங்கிவிடும் (ஸ்டுடியோ வாடகை வீண் என்பது என் கருத்து). பத்து நிமிட ஒலியை 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) மோனோவில், அதாவது ஒற்றைத் தட ஒலியாகச் சேமித்தால் ஏறத்தாழ 5 எம்பிதான் என்பதால், வாட்ஸ்அப் குழுவிலேயே அனுப்பலாம். மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல்லைப் போடும் பெரியவர்கள் அதற்கென ஒரு செயலியைத் தேடிப் போகமாட்டார்கள்.