ஏழு வாரமாகப் பக்கத்து வீட்டில் குளிக்கும் அம்மா

கேள்வி: அக்கா, சிங்கப்பூர் தோ பாயோவில் 1968இல் கட்டிய புளோக்கில், அம்மாவின் மூவறை வீட்டில் இருக்கிறோம். சில வருஷங்களுக்கு முன் வீட்டு வசதி வளர்ச்சிக் கழகம் (வீவக) மேம்பாட்டு வேலைக்கு வந்தபோது, கழிவறை வேலையெல்லாம் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் காலமான பிறகு நானே இறங்கிவிட்டேன். கான்ட்ராக்டர் முழு வீட்டுக்கு 38,000 வெள்ளி (டாலர்) கேட்டார், குளியலறைக்கு மட்டும் 6,000. அதனால் யூடியூப் பார்த்து, வேலை முடிந்து வந்து தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் உடைத்து, குளியலறைத் தரையை முழுக்க எடுத்துவிட்டேன். ஏழு வாரம் ஆகிறது. சிரமம் ஒன்றும் இல்லை. நான் வேலையிடத்தில் குளித்துவிடுவேன். 74 வயது அம்மா பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய்க்கார அம்மா) போய்க் குளித்துக்கொள்கிறார், பதிலுக்கு இட்லி கொடுத்துவிடுகிறார். நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட் போதுமா, மூன்று வேண்டுமா? 'ஆள் வைத்துச் செய்யுங்கள்' என்று நச்சரிக்கும் மனைவியை எப்படிச் சமாளிப்பது?

பதில்: கோட் கணக்கு அப்புறம், தம்பி. "சிரமம் ஒன்றும் இல்லை" என்று எழுதிய கையோடு, அம்மா அடுத்த வீட்டில் குளிப்பதையும் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசுவோம்.

இந்த ஊர் வெக்கைக்கு இரண்டு வேளை குளிக்காமல் யாராவது தூங்க முடியுமா? உங்கள் அம்மா இப்போது எத்தனை வேளை குளிக்கிறார் என்று கேட்டீர்களா? ஒரு வேளைதான் இருக்கும். துண்டு, சோப்பு, மாற்றுப் புடவை எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு, பொது நடைபாதையில் நாலு பேர் பார்க்க நடந்து, இன்னொருவர் கதவைத் தட்டி, உள்ளே யாராவது குளித்துக்கொண்டிருந்தால் அந்த வீட்டு சோபா நுனியில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் தன் வீட்டில், தன் இஷ்டத்துக்கு, நினைத்த நேரத்தில் தலைக்கு ஊற்றிக்கொண்டவர் அவர். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கும் மக்சிக் வீடுதானா?

மக்சிக் தங்கமான மனுஷி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இட்லியைப் பற்றி யோசித்தீர்களா? முதல் வாரம் கொடுத்தது அன்பு. ஏழாவது வாரமும் கொடுப்பது வாடகை. நீங்கள் மிச்சம் பிடிக்கும் 6,000 வெள்ளிக்கு, 74 வயதில் அவர் மாவாட்டிக்கொண்டிருக்கிறார்.

அம்மா குறையே சொல்லவில்லை என்பீர்கள். சொல்லமாட்டார். பிள்ளை தொடங்கிய வேலையைக் குறை சொல்லி எனக்குக் கடிதம் போட்ட தாய் ஒருவரும் இல்லை. அதைச் சொல்வது மருமகள்தான், கெட்ட பெயரும் அவளுக்குத்தான்.

கையால் வேலை செய்வதை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவள் நானேதான், ஜன்னல் ஓரம் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. ஆனால் தொழில் பழக உங்களுக்கு அம்மாவின் குளியலறையா கிடைத்தது? வயதான தாய் இருக்கும் வீட்டில் குளிக்கும் இடமும் படுக்கும் இடமும் ஒரு நாள்கூட இல்லாமல் போகக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் பிள்ளையின் வேலை, மற்றதெல்லாம் பிறகு. அப்பா வேண்டாம் என்ற அந்த மேம்பாட்டுத் திட்டத்தில்கூட, ஒரு வீட்டு வேலையைப் பத்து நாளளவில் முடித்துவிடுவார்கள். நீங்கள் ஒரு தரையோடு ஐம்பது நாளாக மல்லுக்கட்டுகிறீர்கள்.

இன்னொன்று. குளியலறைத் தரையை மாற்ற வீவக அனுமதி வேண்டும், கழகத்தின் பட்டியலில் உள்ள கான்ட்ராக்டர்தான் அதைச் செய்ய முடியும். ஓடு உடைப்பது போன்ற இரைச்சல் வேலைக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் நேரம், சனி ஞாயிறு கூடாது. ராத்திரி ராத்திரியாக நீங்கள் சுத்தியல் தட்டியதை அந்த மக்சிக்கும்தான் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் உங்கள் அம்மாவுக்குக் கதவையும் திறந்துவிட்டார்.

பூச்சுக் கேள்விக்கு வருகிறேன். இரண்டும் வேண்டாம், மூன்றும் வேண்டாம், நீங்கள் பூசவே வேண்டாம். தரைக்கு அடியில் இருந்த பழைய நீர்த்தடுப்பை உங்கள் சுத்தியல் விட்டுவைத்திருக்காது. புதிதாகப் பூசிய பிறகு 24 மணி நேரம் தண்ணீரைத் தேக்கிவைத்து, கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். மூலையிலோ குழாயைச் சுற்றியோ கொஞ்சம் விட்டுப்போனாலும் போச்சு, கீழ்வீட்டுக் கூரையில் கறை விழும். அப்புறம் அவர்களோடு சேர்ந்து அதைச் சரிசெய்கிற பொறுப்பும் செலவும் வந்து நிற்கும். பட்டியலில் உள்ள ஒருவரை நாளைக்கே கூப்பிட்டு, நடந்ததை மறைக்காமல் சொல்லி, முறைப்படி அனுமதி வாங்கச் சொல்லுங்கள். குழாய் வேலைக்கு உரிமம் பெற்ற பிளம்பர், மின்சாரத்துக்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்.

தரை முடிந்ததும், முதியோர் இருக்கும் வீடுகளுக்கான 'ஈஸ்' (EASE) திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். 65 வயதைத் தாண்டியவர் இருக்கும் வீட்டுக்கு, குளியலறையில் கைப்பிடிகள் பொருத்தவும் தரை வழுக்காமல் இருக்கவும் ஆகும் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. தரை ஓடு உடைத்த நேரத்தில் இதைப் பார்த்திருக்கலாம்.

கை அரித்தால் படுக்கையறைக்குப் பெயிண்ட் அடியுங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். கூரையில் சிமெண்ட் உப்பியிருக்கும் இடத்தை மட்டும் பெயிண்டால் மூடிவிடாதீர்கள். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துதான் காங்கிரீட்டைத் தள்ளுகிறது, பழைய புளோக்குகளில் இது சகஜம். அதற்கும் ஆள் வேண்டும்.

வேலை முடியும்வரை அம்மாவை உறவுக்காரர் யார் வீட்டிலாவது தங்க ஏற்பாடு செய்யுங்கள். போகமாட்டேன் என்றால், தினமும் நீங்களே பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போய் மக்சிக் வீட்டு வாசலில் நில்லுங்கள். இட்லிக்கு மாவையும் நீங்களே ஆட்டுங்கள்.

மனைவியைச் சமாளிக்க வழி கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வேலையிடத்தில் குளிக்கிறீர்கள், அம்மா பக்கத்து வீட்டில். இந்த ஏழு வாரமும் உங்கள் மனைவி எங்கே குளிக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, தம்பி?