பாஸோவர் விருந்துக்கு போறப்போ லெமன் ரைஸ் எடுத்துட்டு போலாமா?

கேள்வி: நியூ ஜெர்சில இருக்கோம். பக்கத்து வீட்டு யூத குடும்பம் பாஸோவர் முதல் நாள் ராத்திரி விருந்துக்கு கூப்பிட்டிருக்காங்க. நாங்க சுத்த சைவம். வெறுங்கையோட போக மனசு வரல, லெமன் ரைஸும் சேமியா பாயசமும் பண்ணி எடுத்துட்டு போலாமா? 7 வயசு பொண்ணும் கூட வர்றா.

பதில்: ரெண்டையும் வீட்லயே வெச்சுட்டு போங்க ப்ளீஸ். சேமியா கோதுமை, அன்னைக்கு அந்த வீட்டுக்குள்ள நுழையவே கூடாத பொருள். எகிப்துல அடிமையா இருந்தவங்க அவசர அவசரமா கிளம்பினப்போ மாவு புளிச்சு உப்பக்கூட நேரம் இல்ல, அந்த ஞாபகமாதான் இஸ்ரேல்ல 7 நாள், வெளிநாட்டுல வழக்கமா 8 நாள் புளிச்ச மாவு எதையும் தொட மாட்டாங்க, அதுக்கு பேரு ஹமேட்ஸ். கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் இந்த அஞ்சு தானியத்துல தண்ணி பட்டு 18 நிமிஷத்துக்குள்ள சுட்டு எடுக்கலன்னா அது ஹமேட்ஸ் கணக்குதான். முந்தின ராத்திரி மெழுகுவர்த்தி வெச்சு மூலை மூலையா துணுக்கு தேடி காலைல எரிச்சிடுவாங்க.

சரி அரிசி? கிழக்கு ஐரோப்பா வழி வந்த அஷ்கெனாசி குடும்பங்கள்ல அரிசி, பருப்பு, சோளம் எல்லாம் சேக்காம இருக்கறது பழைய வழக்கம், மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா பக்கத்து யூதர்கள்ல நிறைய பேர் அரிசி சாப்பிடுவாங்க, யூத மதத்துல கன்சர்வேட்டிவ்னு ஒரு பிரிவு இருக்கு, அதோட சட்டக் குழு 2015ல எல்லாருக்கும் ஓகேன்னுட்டாங்க. ஆனா உங்க லெமன் ரைஸ்ல தாளிச்ச கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அதோட பாத்திரம் வேற இருக்கு. நம்ம பாட்டிங்க மடி பாத்திரம்னு தனியா வெச்சிருந்த மாதிரி இவங்க பாஸோவருக்குன்னே தனி செட் வெச்சிருப்பாங்க. பாயசத்துல பால் வேற, கறி பரிமாறற மேஜைல பால் வரக்கூடாது.

பூ குடுங்க, மதியமே குடுத்துட்டா இன்னும் நல்லது. ஸ்வீட்தான் வேணும்னா கடைல 'கோஷர் ஃபார் பாஸோவர்'னு சீல் இருக்கறத பிரிக்காம குடுங்க, வெறும் கோஷர் (யூத உணவு விதிப்படி செஞ்சது) சீல் பத்தாது.

முக்கியமா, பசியோட போகாதீங்க! அன்னைக்கு ராத்திரி சடங்குக்கு பேரு செடர், மொத்தம் 15 படி, சாப்பாடு 11வது படிலதான் வரும். அது வரைக்கும் உப்புத் தண்ணில தொட்ட பார்ஸ்லியோ உருளைக்கிழங்கோ, மட்ஸான்னு ஒரு வறட்டு ரொட்டி, கண்ல தண்ணி வர்ற ஹார்ஸ்ராடிஷ், ஆப்பிளும் நட்ஸும் ஒயின்ல கலந்த ஹரோசெட் (இது செம டேஸ்ட்), அவ்ளோதான். சைவம்னு இப்பவே சொல்லிடுங்க, ஏன்னா மட்ஸா மாவு உருண்டை போட்ட சூப் (matzah ball soup) பாக்க சாதுவா இருக்கும், வழக்கமா சிக்கன் தண்ணி, உருண்டைல முட்டை. நடுவுல ஒரு தட்டுல எலும்பும் சுட்ட முட்டையும் இருக்கும், எலும்ப யாரும் சாப்பிட மாட்டாங்க, பாத்து பதறாதீங்க. நாலு கப் ஒயின் குடிப்பாங்க, திராட்சை ஜூஸ் கேட்டா தப்பே இல்ல.

ஆர்த்தடாக்ஸ் (மத விதிய கண்டிப்பா கடைபிடிக்கற) குடும்பமா இருந்தா காலிங் பெல் அடிக்காம கதவ தட்டுங்க, போன்ல போட்டோ எடுக்காதீங்க, ஒயின் பாட்டில நீங்களா எடுத்து யாருக்கும் ஊத்தாதீங்க, அதுல அவங்களுக்கு தனி சட்டம் இருக்கு. மத்த வீடுகள்ல இவ்ளோ கண்டிப்பு இருக்காது.

பொண்ண பத்தி கவலையே படாதீங்க, அன்னைக்கு குழந்தைங்கதான் ஹீரோ. 'இந்த ராத்திரி மட்டும் ஏன் வேற மாதிரி?'ன்னு வீட்லயே சின்னக் குழந்தை கேட்டாதான் கதையே ஆரம்பிக்கும். எகிப்துக்கு வந்த 10 வாதைகள சொல்றப்போ ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொட்டு ஒயின விரலால எடுத்து தட்டுல வெப்பாங்க, எதிரி பட்ட கஷ்டத்துக்காக நம்ம சந்தோஷத்த கொஞ்சம் குறைச்சுக்கறதுன்னு ஒரு விளக்கம் உண்டு, எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் அது. நிறைய வீடுகள்ல அஃபிகோமன்னு மட்ஸா துண்ட ஒளிச்சு வெச்சு கண்டுபிடிக்கற குழந்தைக்கு கிஃப்ட் குடுப்பாங்க. கடைசில அத சாப்பிட்டதும் வேற எதையும் சாப்பிட மாட்டாங்க, அதனால டெசர்ட் வந்தப்பவே எடுத்துக்கோங்க. முடிய நடுராத்திரி கூட ஆகலாம், அன்னைக்கு மதியம் பொண்ண நல்லா தூங்க வெச்சு கூட்டிட்டு போங்க.