மருந்துக் கிடங்கைக் காப்பவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஒரு கிராமப்புறச் சுகாதார நிலையத்தின் பொறுப்பு மருத்துவர். மருந்துக் கிடங்கைக் கவனிக்கும் செவிலியரைப் பலமுறை பயிற்சிக்கு அனுப்பிவிட்டோம். ஆனாலும் அத்தியாவசிய மருந்துகள் சில திடீரெனத் தீர்ந்துவிடுகின்றன. வேறு சில காலாவதியாகிக் கிடக்கின்றன. பயிற்சியின் தரம் சரியில்லையா?

பதில்: பயிற்சியின் தரத்தை ஆராய்வதற்கு முன்பு, அந்தச் செவிலியரின் ஒரு முழு வேலைநாளை உடனிருந்து கவனிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நோயாளிகளைக் கவனிப்பது, ஊசி போடுவது, பிரசவத்துக்கு உதவுவது ஆகியவற்றுக்கு நடுவே கிடைக்கும் அரைமணி நேரத்தில்தான் அவர் கிடங்கின் கதவைத் திறக்கிறார் என்றால், எத்தனை பயிற்சிகள் கொடுத்தாலும் அந்த நேரம் கூடப்போவதில்லை. பல நாடுகளின் பொதுச் சுகாதாரத் துறையில் கிடங்குப் பணி, நியமன ஆணையில் எழுதப்படாத ஒரு கூடுதல் சுமையாகவே யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. இருப்பு தீர்ந்தால் விளக்கம் கேட்கப்படுபவர் அவர்தான். ஆனால் மருந்தை அவசரமாக வரவழைக்கும் அதிகாரமோ, இந்தப் பணியை நன்றாகச் செய்ததற்கான பதவி உயர்வோ அவருக்கு இல்லை. இது அநியாயம் என்பதை நாம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

மருந்துகளை வாங்கி, சேமித்து, நோயாளி வரை கொண்டுசேர்க்கும் சுகாதார விநியோகச் சங்கிலியின் மனிதவளத்துக்கென்றே 2011-இல் ‘பீப்பிள் தட் டெலிவர்’ என்ற உலகளாவிய கூட்டமைப்பு உருவானது. போதுமான பணியாளர்கள், திறன், பணிச்சூழல், ஊக்கம் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் பணி சரியாக நடக்கும் என்பது அதன் அணுகுமுறை. தாங்கள் இதுவரை கைவைத்திருப்பது இந்த நான்கில் திறன் ஒன்றில் மட்டுமே.

அந்தத் திறனும் வகுப்பறையில் முழுமையாக வந்துவிடுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். மூன்று மாதங்களில் ஒரு மாத்திரை 300 அட்டைகள் செலவாகியிருக்கின்றன. மூன்றால் வகுத்து, மாதத் தேவை 100 அட்டைகள் என்று செவிலியர் எழுதி அனுப்புகிறார். ஆனால் அந்த மூன்று மாதங்களில் ஒரு மாதம் முழுவதும் மாத்திரை இருப்பிலேயே இல்லை. எனவே 300 அட்டைகளும் இரண்டு மாதங்களில் செலவானவை. உண்மையான மாதத் தேவை 150. குறைவாகக் கேட்டதால் மருந்து மறுபடியும் தீர்கிறது, அந்தக் குறைந்த செலவே அடுத்த கோரிக்கைக்கு அடிப்படையாகிறது, இப்படியே ஒரு தட்டுப்பாடு அடுத்த தட்டுப்பாட்டைப் பெற்றெடுக்கிறது. மேற்பார்வையாளர் மாதம் ஒருமுறை வந்து, செவிலியருடைய சொந்த இருப்புப் பதிவேட்டை விரித்து, அலமாரியில் உள்ளதை இருவருமாக எண்ணி, இந்தக் கணக்கை ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் அது அவர் மனத்தில் நிலைக்கும். குறை கண்டுபிடித்துக் குறிப்பாணை கொடுப்பதற்காக மட்டுமே வரும் மேற்பார்வையாளரிடம் காட்டும் பதிவேட்டில், நாளடைவில் எண்கள் சரியாக இருக்கும். அலமாரிதான் வேறாக இருக்கும்.

தங்களால் உடனே செய்யக்கூடியவையும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் முற்பகலைக் கிடங்குப் பணிக்கென்று ஒதுக்கி, அந்நேரத்தில் வேறு வேலைக்கு அவரை அழைக்காதீர்கள். இன்னொருவருக்கும் அதே பணியைக் கற்பித்து வையுங்கள். பயிற்சி பெற்றவர் இடமாற்றத்தில் சென்றதும் எல்லாம் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும் நிலை அப்போது வராது. முன்னதாகக் காலாவதியாகக்கூடிய மருந்தை முன்வரிசையில் வைத்து முதலில் வெளியே அனுப்பும் வழக்கத்தை எல்லோரும் கடைப்பிடிக்கச் செய்யுங்கள்.

கேள்வி: மருந்தாளுநர்கள் இருக்கும்போது, விநியோகச் சங்கிலிக்கென்று தனிப் பயிற்சி பெற்றவர்கள் எதற்கு?

பதில்: மருந்தைப் பற்றிய அறிவில் மருந்தாளுநருக்கு இணையில்லை. ஆயினும், ஓராண்டுத் தேவையை முன்கூட்டி மதிப்பிடுவது, கொள்முதல் ஒப்பந்தத்தைக் கண்காணிப்பது, வாகனப் பாதையைத் திட்டமிடுவது ஆகியவை அவருடைய படிப்பில் பெரும்பாலும் விரிவாக இடம்பெறுவதில்லை. தவிர, கடைநிலைச் சுகாதார நிலையங்கள் பலவற்றில் மருந்தாளுநர் பணியிடமே கிடையாது. ருவாண்டா பல்கலைக்கழகத்தில் அமைந்துள்ள கிழக்கு ஆப்பிரிக்க வட்டார மையம் சுகாதார விநியோகச் சங்கிலி மேலாண்மையில் முதுகலைப் படிப்பு நடத்துவதை, இதை ஒரு தனித் தொழிலாக மதிக்கும் முயற்சியாகவே நான் பார்க்கிறேன்.

பட்டம் பெற்றவர்களோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. தடுப்பூசிகளில் பெரும்பாலானவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வெப்பம் பட்டால் நிறம் மாறும் குறி 1996 முதல் போலியோ சொட்டுமருந்துக் குப்பிகளில் இடம்பெற்று, பின்னர் மற்றத் தடுப்பூசிகளுக்கும் பரவியது. ஆனால் உறைந்துபோனதை அந்தக் குறி காட்டாது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி உறைந்தால் ஆற்றலை இழந்துவிடும். மறுபடி உருகியபின் மேலோட்டமாகப் பார்த்தால் வேறுபாடு தெரியாமலும் போகலாம். பனிக்கட்டிப் பொதியை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடனே குப்பியோடு சேர்த்து வைக்கக் கூடாது என்று அறிந்த ஓட்டுநரும், குளிர்சாதனப் பெட்டியின் பழுதை அன்றே சரிசெய்யும் தொழில்நுட்பப் பணியாளரும் இல்லாமல் தடுப்பூசி போட்டுக்கொள்ளும் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை. பயிற்சித் திட்டங்களில் மிக அதிகமாக விடுபடுபவர்கள் இவர்களே என்பது என் கவலை.

கேள்வி: இருப்பைக் கணினி மென்பொருளே கணக்கிடும்போது பணியாளர் எண்ணிக்கையைக் குறைக்கலாம் அல்லவா?

பதில்: கூடாது. மேலே சொன்ன வகுத்தல் கணக்கை மென்பொருள் பிழையின்றிச் செய்யும். இருப்பு இல்லாத நாட்களை யாராவது உண்மையாகப் பதிந்திருந்தால் மட்டுமே. எழுத்து வேலையில் மிச்சமாகும் நேரத்தை அலமாரியை எண்ணுவதற்கும், திரையில் தோன்றும் எச்சரிக்கையைப் பார்த்து அருகிலுள்ள நிலையத்திலிருந்து உபரி மருந்தைக் கேட்டுப் பெறுவதற்கும் பயன்படுத்தலாம். ஆகவே மென்பொருளுக்கு நிதி கேட்கும் கோப்பிலேயே அதைக் கையாளுபவரின் பணியிடம், பயிற்சி, பழுதுநீக்கும் உதவி ஆகிய மூன்றுக்கும் சேர்த்து நிதி கேளுங்கள்.