என்.எஸ்.1 நெகட்டிவ் வந்த பிறகும் ஏன் மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள்?

கேள்வி: என் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை குடியாத்தத்தில் ஒரு லேபில் டெங்குவுக்கு என்.எஸ்.1 கார்டு டெஸ்ட் எடுத்தோம், நெகட்டிவ். சனிக்கிழமை வேலூரில் அட்மிட் செய்தோம். டெங்குவாக இருக்கலாம், எலைசா பார்க்க வேண்டும் என்கிறார்கள். காலையும் மாலையும் ரத்தம் எடுக்கிறார்கள். நான்கு வருடம் முன்பே அவருக்கு டெங்கு வந்து போய்விட்டது. இத்தனை டெஸ்ட் தேவையா? பிள்ளைகளுக்கும் எடுக்க வேண்டுமா?

பதில்: உங்கள் கேள்விக்கான விடை நீங்கள் எழுதியிருக்கும் கிழமைகளிலேயே இருக்கிறது. ஞாயிறு முதல் நாள் என்றால் வெள்ளி ஆறாம் நாள். என்.எஸ்.1 என்பது டெங்கு வைரஸின் புரதம். காய்ச்சல் வந்த முதல் நாளிலிருந்தே ரத்தத்தில் தெரியும். ஐந்து நாள் தாண்டினால் குறைந்துவிடும். ஏற்கெனவே டெங்கு வந்தவருக்கு, பழைய எதிர்ப்புப் பொருள் அதைப் பிடித்துக்கொள்வதால் இன்னும் சீக்கிரம் மறையும். லேப் மீது குறை சொல்ல முடியாது. ஆறாம் நாளில் கேட்க வேண்டிய டெஸ்ட் அதுவல்ல, அவ்வளவுதான்.

அந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டியது ஐஜிஎம், அதாவது வைரஸை எதிர்த்து உடல் புதிதாக உருவாக்கும் எதிர்ப்புப் பொருள். கார்டிலும் பார்க்கலாம், ஆனால் கார்டை மட்டும் வைத்து டெங்கு என்று உறுதி செய்வதில்லை; எலைசா என்ற லேப் பரிசோதனைதான் கணக்கு. எலைசாவில் பல பேருடைய சாம்பிளை ஒரே பிளேட்டில் சேர்த்து ஓட்டுவார்கள். அதனால் ரிசல்ட் மறுநாள்கூட வரலாம். சிகிச்சை அதற்காகக் காத்திருக்காது. இன்னொன்று: ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் வரை ரத்தத்தில் நிற்கும் என்பதால், பாசிட்டிவ் வந்தாலும் இப்போதைய அறிகுறிகளோடு சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பது டெங்குவுக்குப் பொருந்தாது. இந்த வைரஸில் நான்கு வகை உண்டு. நம் வேலூரிலேயே 1960களில் நான்கு வகைகளும் கண்டறியப்பட்டிருக்கின்றன. வந்துபோன வகைக்கு மட்டும்தான் நீடித்த பாதுகாப்பு. வேறு வகை இரண்டாவதாகத் தாக்கும்போது நோய் தீவிரமாகும் வாய்ப்பு கூடுதல். நான்கு வருடம் முன்பு வந்ததை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் இன்றே சொல்லுங்கள்.

சரி, காலையும் மாலையும் எடுக்கும் ரத்தம் எதற்கு? அது டெங்கு இருக்கிறதா என்று பார்க்க அல்ல. எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் முதலில் பார்ப்பது பிசிவி, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், ரத்தம் கெட்டியாகும், பிசிவி ஏறும். அது அவருடைய வழக்கமான அளவைவிட 20 சதவீதம் ஏறினால் கசிவு கணிசமாக இருக்கிறது என்று அர்த்தம். டிரிப்ஸ் எவ்வளவு ஏற்றுவது என்பதை இதை வைத்துத்தான் தீர்மானிக்கிறோம். பெரும்பாலும் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் இந்தக் கசிவு. 'ஜுரம் விட்டுவிட்டது, வீட்டுக்குப் போகலாம்' என்று அவசரப்பட வேண்டாம். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசாத்தியச் சோர்வு இருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தப்போக்கு இல்லாமல் பிளேட்லெட் எண்ணிக்கை மட்டும் குறைந்திருந்தால், பிளேட்லெட் ஏற்றச் சொல்லி நீங்களாக வற்புறுத்தாதீர்கள். ஜுரத்துக்குப் பாராசிட்டமால் போதும்; புரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் கூடாது.

எலைசாவும் நெகட்டிவ் என்றால்? நம் பக்கத்தில் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற, சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல் சகஜம். அதிலும் பிளேட்லெட் குறையும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டதுபோல வலியில்லாத கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று வேட்டியைத் தளர்த்திப் பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு டாக்சிசைக்ளின் என்ற மாத்திரை நன்றாகவே கேட்கும். டெங்கு பாசிட்டிவ் வந்தாலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு.

காய்ச்சல் இல்லாத பிள்ளைகளுக்கு டெஸ்ட் வேண்டாம். காய்ச்சல் வந்தால் தேதியைக் குறித்துவைத்து, முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 எடுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்கலாம். அப்புறம், காய்ச்சல் இருக்கும்வரை உங்கள் வீட்டுக்காரரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுதான் அவரிடமிருந்து வைரஸை அடுத்தவருக்குக் கொண்டுபோகும்.