என் கணினியில் ஓடுகிறது, மற்றவர்களுக்கு ஓடவில்லையே?

கேள்வி: வங்கி அறிக்கைகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்க்கும் சின்னக் கட்டளைவரிக் கருவி ஒன்றைப் பைத்தானில் எழுதினேன். அலுவலகத்தில் 40 பேருக்குக் கொடுத்தேன். பாதிப் பேருக்கு ஓடவில்லை. சிலரிடம் விண்டோஸ், சிலரிடம் உபுண்டு. ரஸ்ட் மொழியில் மாற்றி எழுது என்கிறார் நண்பர். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் நிரலில் தப்பில்லை. பைத்தான் கருவியை அனுப்பினால், பெறுபவரிடமும் பைத்தான் இருக்க வேண்டும், சரியான பதிப்பாக இருக்க வேண்டும், துணை நூலகங்களும் வேண்டும். உபுண்டு 23.04 முதல், பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் கொண்டு நேரடியாக நிறுவப் போனாலே மறுத்துவிடும். பைஇன்ஸ்டாலர் என்ற கருவியால் எல்லாவற்றையும் கட்டி ஒரே எக்ஸி (.exe) கோப்பாக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் தற்காலிகக் கோப்புறையில் தன்னைப் பிரித்துக்கொண்டுதான் கிளம்பும், ஆன்டிவைரஸும் சந்தேகப்படும்.

கோ மொழிக்கு மாறுங்கள். உபுண்டுவில் உட்கார்ந்தபடியே கூஸ் (GOOS) என்ற சூழல் மாறிக்கு விண்டோஸ் என்று கொடுத்து பில்ட் அடித்தால் எக்ஸி கோப்பு வந்துவிடும். பெறுபவர் எதையும் நிறுவ வேண்டாம். ரஸ்ட் நல்ல மொழிதான். இந்த வேலைக்காக அதைக் கற்க உட்கார்ந்தால் அடுத்த ஆண்டுக் கணக்கே வந்துவிடும்.

ஒரே இடத்தில் உஷார். கருவி எஸ்கியூலைட் (SQLite) என்ற ஒற்றைக்கோப்புத் தரவுத்தளத்தைத் தொடுகிறதா? பலரும் முதலில் எடுக்கும் எஸ்கியூலைட் நூலகத்துக்குள் சி மொழி நிரல் இருக்கிறது. அதைச் சேர்த்ததும், கோ-வையும் சி-யையும் இணைக்கும் சிகோ (cgo) உள்ளே வந்து, உங்கள் கோப்பை உங்கள் கணினியின் ஜிலிப்சியோடு (glibc, லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) கட்டிப்போட்டுவிடும். உபுண்டு 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, 20.04-இல் 2.31. புதியதில் கட்டியதைப் பழையதில் ஓட்டினால் ‘2.34 இல்லை’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். விண்டோஸ் கோப்பு இன்னும் மோசம்: கட்டும்போது சத்தமே இருக்காது, ஓட்டும்போதுதான் ‘சிகோ வேண்டும்’ என்று படுத்துக்கொள்ளும். முழுக்க கோ மொழியிலேயே இருக்கும் மாடர்ன்சி எஸ்கியூலைட்டை எடுங்கள். கொஞ்சம் மெதுவானது, வங்கி அறிக்கைக்கு அது தெரியாது. பில்டுக்கு முன் சிகோ எனேபிள்டு (CGO_ENABLED) மாறியைப் பூஜ்யமாக்கிவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. இணையத்திலிருந்து இறக்கிய எக்ஸியைத் திறந்ததும் விண்டோஸ் நீலப் பெட்டி காட்டி மிரட்டும். உடனே, நிரலை வெளியிட்டவர் யார் என்று காட்டும் கையொப்பச் சான்றிதழை விற்கும் தரகர்கள் வருவார்கள்: ‘இவி வாங்குங்க சார், எச்சரிக்கை போயிடும்.’ 2024 முதல் அது பழங்கதை. இவி என்ற கூடுதல் சரிபார்ப்புச் சான்றிதழுக்கும் சாதாரணச் சான்றிதழுக்கும், அந்த நீலப் பெட்டியைக் காட்டும் ஸ்மார்ட்ஸ்கிரீன் ஒரே மரியாதைதான் தருகிறது. என்னிடம் வந்த ஒருவர் பணம் கட்டி, சான்றிதழ் இருக்கும் யுஎஸ்பி டோக்கன் கைக்கு வரக் காத்திருந்து, கையொப்பமும் போட்டார். மறுநாளும் அதே நீலப் பெட்டி. தரகர் போன் எடுக்கவில்லை. உங்கள் ஆட்களிடம் மேக் இல்லாதது நல்லதாயிற்று. அங்கே ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் கப்பம் கட்டாமல் நிம்மதியாக விநியோகிக்க முடியாது. சொந்தமாக எழுதியதைப் பக்கத்து மேசைக்குக் கொடுக்க இத்தனை காவல்!

உங்களுக்குச் சான்றிதழே வேண்டாம். பென்டிரைவில் நகலெடுத்துக் கொடுங்கள். பெரும்பாலும் அந்தப் பெட்டி வராது. 40 பேரில் மிகப் பழைய உபுண்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, முதல் நகலை அவரிடம் ஓட்டிப் பாருங்கள்.