போமன் (காடி மெக்கானிக்) பதில்கள்: ஸ்டேரிங் பாரமா இருந்தா ரேக்கை மாத்தணுமா?

கேள்வி: அண்ணே, நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன், பழைய புரோட்டான் வீரா காடி ஓட்டுறேன், பவர் ஸ்டேரிங். கொஞ்ச நாளா ஸ்டேரிங் ரொம்ப பாரம், வளைவுல திருப்பிட்டு விட்டா தானா நேருக்கு வரமாட்டேங்குது. நின்ன இடத்துல சுத்துறப்போ முன்னாடி இடது பக்கம் ‘டொங்’னு ஒரு சத்தம். செம்பனை லாரி போற செம்மண் ரோட்டுல மெதுவா போனாலும் லொடலொடனு அடிக்குது. டவுன்ல ஒரு பட்டறையில காட்டினேன், ஜாக் கூட போடாம ரேக் (ஸ்டேரிங்கைச் சுத்தினா சக்கரத்தைத் திருப்புற பல்லுத்தண்டு) போச்சு, அப்சோபரும் (குலுக்கலை அடக்குற பாகம்) சேர்த்து மாத்துனு சொல்லிட்டாங்க. மாத்திடவா?

பதில்: இப்போதைக்கு வேணாம் தம்பி. ஜாக் போடாம ரேக் போச்சுன்னு சொல்றவருக்கு ஞானக்கண்ணு இருக்கணும். முதல்ல காசு இல்லாத வேலை. முன் டயர் ரெண்டுலயும் காத்து பாருங்க, காத்து குறைஞ்சாலே ஸ்டேரிங் பாரமாகும். அப்புறம் பவர் ஸ்டேரிங் எண்ணெய் மட்டம், பம்ப் பெல்ட்டிங். பெல்ட்டிங் தளர்ந்திருந்தா ஸ்டேரிங்கை முழுசா ஒடிக்கிறப்போ கீச்சுனு கத்தும். எண்ணெய் குறைஞ்சிருந்தா மூடியில எழுதியிருக்கிற எண்ணெயைத்தான் ஊத்தணும், கையில இருக்குன்னு பிரேக் எண்ணெயை ஊத்திடாதீங்க, உள்ள இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் கெட்டுப்போயிடும்.

இதெல்லாம் சரியா இருந்தா என் சந்தேகம் அப்சோபர் மவுண்டிங் (அப்சோபரை மேல காடி பாடியோட பிடிச்சிருக்கிற பாகம்) மேலதான். பாரம், தானா திரும்பாதது, நின்ன இடத்துல டொங், இது மூணும் ஒண்ணா வந்தா நான் முதல்ல அங்கதான் கை வைப்பேன். வீராவுல முன்சக்கரம் ஒடிக்கிறப்போ அப்சோபரும் ஸ்பிரிங்கும் கூடவே திரும்பும், அதுக்காக மேல மவுண்டிங்ல ஒரு பேரிங் இருக்கு, சேறும் தண்ணியும் இறங்கி அது இறுகிடுச்சுன்னா ஸ்பிரிங் திரும்ப முடியாம முறுக்கிக்கிட்டே நின்னு ஒரு கட்டத்துல டொங்னு விட்டுடும். வீட்டுல யாரையாவது எஞ்சின் ஸ்டார்ட் பண்ணி மெதுவா ஸ்டேரிங்கை சுத்தச் சொல்லிட்டு, நீங்க ஸ்பிரிங்கோட வெளிப்பக்கம் உள்ளங்கையை லேசா வைங்க. சுருளுக்கு நடுவுல விரலை விட்டுடாதீங்க, நசுங்கிடும். ஸ்பிரிங் வழவழனு திரும்பாம பொறுத்து நின்னு கையில துள்ளுச்சுன்னா ஆள் சிக்கிட்டான்.

அப்பவும் பட்டறைக்காரர் ரேக்தான்னு பிடிவாதம் பிடிச்சா ஒண்ணு செய்யச் சொல்லுங்க. முன்பக்கம் ரெண்டையும் தூக்கி ஸ்டேண்ட்ல நிறுத்தி (வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில போகக்கூடாது), ரெண்டு பக்கமும் டை ராட் எண்டை (ரேக்கைச் சக்கரத்தோட இணைக்கிற முனை) கழட்டிட்டு, ஸ்டேரிங்கை ஒரு தடவை, சக்கரத்தை ஒவ்வொண்ணா கையால ஒரு தடவை திருப்பிப் பார்க்கணும். ஸ்டேரிங் சீரா ஓடி இடது சக்கரம் மட்டும் முரண்டு பிடிச்சா ரேக் மேல குத்தம் இல்ல, அந்தப் பக்கம் மவுண்டிங், இல்லன்னா லோவர் ஆர்ம் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைக் கீழ பிடிச்சிருக்கிற உருண்டை மூட்டு). ஸ்டேரிங்கே பிடிச்சுப் பிடிச்சு விட்டா ஸ்டேரிங் தண்டோட (காலம்) ஜாயிண்டையும் ரேக்கையும் பார்க்கலாம்.

செம்மண் ரோட்டு லொடலொட வேற கேஸா இருக்கலாம். உங்க காடியில ஸ்டெபிலைசர் (வளைவுல காடி சாயாம பிடிக்கிற கம்பி) இருந்தா அதோட லிங்க்கைப் பாருங்க. ஒரு சக்கரம் மட்டும் குழியில இறங்குறப்போ சத்தம் வந்து, ரோட்டு மேட்டுல ரெண்டும் ஒண்ணா ஏறுறப்போ வராம இருந்தா பெரும்பாலும் லிங்க்தான், சின்ன சாமான். அப்சோபர்ல எண்ணெய் வழிஞ்சாலோ, மேடு தாண்டி காடி ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டே இருந்தாலோ மட்டும் அதை மாத்துங்க. எதைக் கழட்டினாலும் கடைசியில சக்கர அலைன்மெண்ட் (சக்கரக் கோணத்தைச் சரி பார்க்கிறது) பண்ணாம வராதீங்க.

கேள்வி: என்னோட பெரோடுவா மைவியிலயும் ஸ்டேரிங் திடீர்னு பாரமாயிடுது அண்ணே, எண்ணெய் எங்க ஊத்துறது?

பதில்: ஊத்த இடமே இல்ல தங்கச்சி, மைவியில ஸ்டேரிங்குக்கு உதவுறது மின்சார மோட்டார். மீட்டர்ல இ.பி.எஸ். (மின்சார பவர் ஸ்டேரிங்) விளக்கு எரியுதான்னு பாருங்க, எரிஞ்சா ஸ்கேன் மெஷின் இருக்கிற பட்டறைக்குப் போங்க. அதுக்கு முன்னாடி பேட்டரியை டெஸ்ட் பண்ணிடுங்க, கரண்டு குறைஞ்சாலும் மோட்டார் கை விட்டுடும். ஒடிக்கிறப்போ டக்டக்டக்னு சக்கரத்தோட வேகத்துக்குச் சத்தம் வந்தா அது ஸ்டேரிங் இல்ல, டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுத்த வைக்கிற தண்டு). அதோட மூட்டை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் ரிம்முக்கு உள்பக்கம் தெறிச்சிருக்கும், குனிஞ்சு பாருங்க.